முதல் பத்திரக்காரர்கள்

"எங்கப்பாவோட பத்திரத்தைக் கொடுங்க" என்றேன்.

லைமன் ட்ரெட்வே எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தார். முற்றுப்புள்ளி வைத்தார். மை ஒற்றும் தாளை அதன்மேல் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினார். அப்புறம்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை. உட்கார்ந்திருக்கும் நாற்காலி வாய் திறந்து பேசிவிட்டதைப் போல ஒரு வியப்பு மட்டும் இருந்தது.

எங்கள் பதினேழாம் நிலக்கரிச் சுரங்க முகாமில் ட்ரெட்வேயிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். குடித்துவிட்டு அடைபட்டுக் கிடப்பவனை வெளியே எடுக்கச் சொல்லலாம். சுரங்கத்தில் முழங்கால்வரை தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்து மகனுக்கு வேலை கேட்கலாம். கூரை சரிந்து செத்தவனைக் கொண்டுபோக வண்டி கேட்கலாம். கறுப்புத் துணி போர்த்திய குதிரையோடு அனுப்பிவைப்பார். பத்திரத்தை மட்டும் திருப்பிக் கேட்கக் கூடாது. யாரும் இதை எழுதி ஒட்டவில்லை, ஆனால் முகாமில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். எனக்கு அவருடைய இந்த வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை கிடைத்த அன்றைக்கு அம்மா என் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்த மனுஷன்கிட்ட பத்திரம்னு ஒரு வார்த்தை உன் வாயிலேருந்து வந்துச்சு, நான் உன்னைப் பெக்கவே இல்லன்னு நெனச்சுக்குறேன்." சொன்ன வேகத்தில் பின்னலை இழுத்த இழுப்பு இன்னும் நினைவிருக்கிறது.

முதல் பத்திரம் என்பது எங்களைப்போல் பிழைக்க வந்தவர்களுக்கு அமெரிக்க அரசு கொடுக்கும் ஒரு பக்கக் காகிதம். ஊரில் எங்களை ஆண்ட ஆஸ்திரியச் சக்கரவர்த்திக்கு இனிமேல் நான் குடி அல்ல, இந்த நாட்டவனாக ஆகப்போகிறேன் என்று மாவட்ட நீதிமன்ற எழுத்தரின் முன்னால் கையைத் தூக்கிச் சொன்னால் கொடுப்பார்கள். ஆகப்போகிறேன், அவ்வளவுதான். எங்கள் கான்சஸில் அந்தக் காகிதம் இருந்தாலே வாக்குப் போடலாம். இரண்டு வருஷம் கழித்து, நம்மைத் தெரிந்த இந்நாட்டவர் இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போய் மனுப் போட்டு வாங்குவது இரண்டாம் பத்திரம். ஆளை உண்மையில் இந்த நாட்டவனாக்குவது அதுதான். அதை எங்கள் ஆட்களில் அநேகம் பேர் வாங்கவே இல்லை. எதற்கு வாங்க வேண்டும்? முதல் பத்திரத்தை வைத்துக்கொண்டே பத்துத் தேர்தல் பார்த்துவிட்டார்கள். வாக்குச் சாவடிக்காரன் பேரைக் கூப்பிடுகிறான், சீட்டைக் கொடுக்கிறான், தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்கிறான். நாம் இந்த நாட்டவன் இல்லையென்றால் தொப்பியைக் கழற்றுவானா?

அந்த முதல் பத்திரமும் அவர்கள் கையில் இல்லை. ட்ரெட்வேயின் இரும்புப் பெட்டகத்தில் இருந்தது. முகாம் வீடுகள் பலகை வீடுகள், எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கும், எலி கடிக்கும், பிள்ளை கிழிக்கும், ஆகவே என்னிடம் பத்திரமாக இருக்கட்டும் என்று அவர் சொல்லி வருஷம் எட்டாகிறது. தேர்தலன்று காலை அவருடைய ஆட்கள் முகாமுக்கு வருவார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொருவனிடமும் அவனுடைய பத்திரத்தையும், எங்கே குறியிட வேண்டும் என்று காட்டும் மாதிரிச் சீட்டையும் கொடுப்பார்கள். சாயங்காலம் ஒரு சுருட்டைக் கொடுத்துவிட்டுப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இரவல் கொடுத்த சட்டையைத் திருப்பித் தருவதுபோல் எங்கள் ஆட்களும் வரிசையில் நின்று தருவார்கள். நான் சின்னவளாக இருந்தபோது அந்த வரிசையை வேடிக்கை பார்க்கப் போவேன். திருவிழா மாதிரி இருக்கும்.

"உங்கப்பா கேட்டாரா, நீ கேக்குறியா?" என்றார் ட்ரெட்வே.

"நான்தான் கேக்குறேன்."

"அது உன் பத்திரம் இல்லையே, மிஸ் லூஷின்."

"உங்களோடதும் இல்ல."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான். பொய்ப் பல் கிடையாது, பொய்ச் சிரிப்பும் கிடையாது. அதனால்தான் இத்தனை காலம் எல்லோரும் ஏமாந்தார்கள். "வாத்தியார் பயிற்சிக்கு நார்மல் ஸ்கூல்ல ரெண்டு வருஷம் படிச்சா இப்படித்தான் பேச்சு வரும் போல" என்றார். "சரி, என்ன நடந்துச்சு? அதைச் சொல்லு."

என்ன நடந்தது என்று அவருக்கே தெரியும். பத்து நாளைக்கு முன்னால், பழைய கடிதங்களை அடுக்கி வைக்கச் சொன்னார். அடுக்கினேன். படித்த பிள்ளையிடம் அடுக்கச் சொன்னால் அது படித்துவிட்டுத்தான் அடுக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்கும் மத்திய அரசு அதிகாரி ஒருவர் பிப்ரவரி மாதம் அனுப்பிய பதில் அதில் இருந்தது. ட்ரெட்வே கேட்ட கேள்விக்கு அவர் மூன்றே வரியில் பதில் எழுதியிருந்தார்: முதல் பத்திரத்துக்கு ஏழு வருஷம்தான் உயிர். ஏழு வருஷத்துக்குள் இரண்டாம் பத்திரத்துக்கு மனுப் போடாவிட்டால் அது செத்த காகிதம், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குக் கீழே, தலைநகரத்திலிருந்து கட்சிச் செயலாளர் எழுதிய கடிதம். அதில் ஒரு வரிக்கு மட்டும் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். "முதல் பத்திரக்காரன் நம்மைப் பார்த்து வாக்குப் போடுவான். இரண்டாம் பத்திரம் வாங்கியவன் மறுநாளே சாலை கேட்பான்."

அதற்கும் கீழே என் கையெழுத்து இருந்தது.

மார்ச் மாதம் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். ட்ரெட்வே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எங்கள் ஸ்லோவேனிய மொழியில் நான் எழுதிய முதல் பெரிய கடிதம். எழுத்தெல்லாம் மணி மணியாக இருக்க வேண்டும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன். "அன்புள்ள நண்பரே, இரண்டாம் பத்திரத்துக்கு அவசரப்பட வேண்டாம். அது வீண் செலவு, வீண் அலைச்சல். உங்கள் முதல் பத்திரம் என்னிடம் பத்திரமாக இருக்கும்வரை நீங்களும் என்னைப்போல் இந்த நாட்டவர்தான்." அதிகாரியின் பதில் வந்து இருபது நாள் கழித்து அந்தக் கடிதம் போனது. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போனது. அதில் ஒருவர் மாத்தியா லூஷின், என் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவிடம் சொன்னேன். அவர் சோளக்களியில் புளித்த பால் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்டியை நிறுத்தவில்லை. நான் விரல் விட்டுக் கணக்குச் சொன்னேன். அவர் கைதூக்கிச் சொன்னது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு, ஆகஸ்டு ஆறு. இந்த ஆகஸ்டு ஆறோடு ஏழு வருஷம் முடிந்தது. இது அக்டோபர்.

"அப்படின்னா?" என்றார்.

"அப்படின்னா அந்தப் பத்திரம் செத்துப்போச்சுப்பா. இனிமே முதல்லேருந்து."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். இடது கையில் மூன்று விரல்தான். மீதி இரண்டும் நிலக்கரி வண்டிகளுக்கு நடுவில் போனவை. துடைக்கும்போது எப்போதும் வலது கையைத்தான் பயன்படுத்துவார், அன்றைக்கு மறந்துவிட்டார். "ஏப்ரல்ல போகலாம்னு இருந்தேன் போலோன்கா" என்றார். "ரெண்டு சாட்சியும் சொல்லி வச்சாச்சு. செருப்புத் தைக்கிற அந்தோன், அப்புறம் அந்த இத்தாலிக்காரக் கடைக்காரன். ரெண்டு பேரும் வரேன்னாங்க. பூட்ஸுக்குப் பாலிஷ் எல்லாம் போட்டு வச்சேன். அதுக்குள்ள மார்ச்சுல ஒரு வியாழக்கெழம அந்தக் கடுதாசி வந்துச்சு."

"அந்தக் கடுதாசியை ஏம்ப்பா நம்புனீங்க? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"உன் கையெழுத்தா இருந்துச்சு" என்றார். "அப்புறம் என்ன கேக்குறது?"

அவர் திட்டியிருக்கலாம். தட்டை எறிந்திருக்கலாம். திட்டுவதற்கு வேண்டிய சொற்களெல்லாம் சுரங்கத்தில் இருப்பவனுக்கு ஐந்து மொழியில் தெரியும். அவர் எழுந்து போய்த் தட்டைக் கழுவி வைத்தார். அப்புறம் திரும்பி நின்று, "அவர்கிட்ட போய்க் கேக்காத. கிறிஸ்மஸுக்கு வருஷா வருஷம் பன்றித் தொடை அனுப்புறாரு" என்றார். அந்தப் பன்றித் தொடையை எலும்புவரை ஆறு வருஷம் தின்றவள் நான்.

எனக்கு வருகிற ஜனவரியில் இருபத்தொன்று. அப்பாவுக்கு அதற்கு முன்னால் இரண்டாம் பத்திரம் கிடைத்திருந்தால் அதே நாளில் அம்மாவும் நானும் அவரோடு சேர்ந்து இந்த நாட்டவர் ஆகியிருப்போம். ஏப்ரலில் மனுப் போட்டிருந்தால் ஜூலையில் முடிந்திருக்கும். ஜனவரிக்கு மேல் நான் அவர் குடையில் வர முடியாது. பதினேழாம் முகாம் பள்ளிக்கூடத்தில் ஜனவரியில் ஆசிரியை வேலை காலியாகிறது. முகாமிலிருந்து படித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். அந்த வேலைக்காகத்தான் அம்மா மூன்று வருஷம் பிறத்தியார் துணி துவைத்தாள். இந்த வருஷத்திலிருந்து மாவட்டத்துப் பள்ளிகளில் இந்த நாட்டவருக்கு மட்டும்தான் வேலை என்று முடிவாகிவிட்டது. ஆக, என் வேலைக்கு நானே என் அழகான கையெழுத்தில் குழி தோண்டி, மேலே அஞ்சல்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

இதையெல்லாம் ட்ரெட்வேயிடம் நின்றபடியே சொன்னேன். அதிகாரியின் பதில் வந்த தேதியைச் சொன்னேன், மார்ச் கடிதத்தின் தேதியைச் சொன்னேன். அவர் வழக்கறிஞர், எதிராளி முழுக்கப் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பவர். இந்தத் தேர்தலில் மாவட்ட நீதிபதி பதவிக்கு நிற்கிறார் வேறு.

"முடிஞ்சுதா?" என்றார். "உக்காரு. பள்ளிக்கூட வேலைதானே? அந்த போர்டுல அஞ்சு பேரு. மூணு பேரு என் வீட்டுல சாப்புடுறவங்க. உன் விஷயத்துல யாரும் பத்திரம் கேக்க மாட்டாங்க. தேர்தல் முடியட்டும், சாவி உன் கையில இருக்கும்."

"எங்கப்பா?"

"உங்கப்பாவுக்கு என்ன கொறை? வாக்குப் போடுறாரு, சம்பளம் வாங்குறாரு. பத்திரத்தை அவர் கையில குடுத்தா என்ன பண்ணப் போறாரு, சட்டம் போட்டு மாட்டப் போறாரா?"

நான் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. லோவ்ரோ மாமா. எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். குதிரை லாயத்து வாசனையோடு உள்ளே வந்து தொப்பியை எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஆங்கிலம் அவருக்கு நான்கு சொல்தான் தெரியும், நான்கும் கெட்ட வார்த்தை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "என்ன வாத்தியாரம்மா, இந்தத் தேர்தலுக்கு எங்களுக்கெல்லாம் இன்னும் கடுதாசி வரலையே! ஸ்டாம்பு தீந்துபோச்சா, இல்ல நாங்க செத்துட்டோம்னு சொல்லிட்டியா?"

ட்ரெட்வே நாற்காலியில் சாய்ந்தார். அவர் கண்ணில் ஒரு விளையாட்டுத்தனம் வந்தது. "நல்ல நேரத்துல வந்தாரு. நீயே கேளு, மிஸ் லூஷின். பத்திரத்தைத் திருப்பிக் குடுக்கவான்னு அவர்கிட்டயே கேளு. வேணும்னா இப்பவே பெட்டகத்தைத் தொறக்குறேன்."

கேட்டேன். லோவ்ரோ மாமா பாம்பைக் கொடுக்கிறேன் என்று சொன்னதுபோல் ஓரடி பின்னால் போனார். "ஐயையோ, எனக்கெதுக்கு? என்கிட்ட இருந்தா மூணு நாள்ல தொலைச்சுருவேன். ஐயா கோவமா இருக்காரா? நான் என்ன தப்புப் பண்ணேன்? கேளு, பொண்ணு, நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேளு."

நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ட்ரெட்வே மாமாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, பார்த்தாயா என்பதுபோல் என் பக்கம் உள்ளங்கையை விரித்தார்.

லோவ்ரோ மாமாவின் தேதி எனக்கு மனப்பாடம். நவம்பர் பதினான்கு. பெட்டகத்துப் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் பெரும்பாலோருடைய பத்திரம் செத்துவிட்டது, முப்பத்தெட்டுப் பேருடையது மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது. மாமாவுக்குத் தேர்தல் முடிந்து பதினோரு நாள் மிச்சம். எனக்குப் பொறுக்கவில்லை. ட்ரெட்வேயின் கண்ணெதிரிலேயே, குரலை ஏற்றாமல் இறக்காமல், எங்கள் மொழியில் சொன்னேன்: "மாமா, சிரிச்ச முகமா வச்சுக்கிட்டுக் கேளுங்க. உங்க பத்திரம் நவம்பர் பதினாலோட செத்துப்போகும். அதுக்குள்ள வாங்கிக்கிட்டு கோர்ட்டுக்குப் போய் மனுப் போட்டாத்தான் உண்டு. இவரு நம்ம எல்லாரையும் ஏமாத்துறாரு."

மாமா சிரித்த முகமாகத்தான் கேட்டார். நடிப்பில்லை, உண்மையாகவே சிரித்தார். "அடி போடி! மார்ச்சுல கடுதாசி வந்துச்சே. அவசரமில்லன்னு தெளிவா எழுதியிருந்துச்சே. பச்சை மையில கையெழுத்துப் போட்டிருந்தாரே."

"அது நான் எழுதுனது மாமா."

"நீ எழுதுன. கையெழுத்து யாருது? நீ ஆயிரம் சொல்லு பொண்ணு, வாயால சொல்றதை எவன் நம்புவான். ஐயா எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும், நான் அன்னிக்கே போறேன்."

"என்ன சொல்றாரு?" என்றார் ட்ரெட்வே.

"மழை வரும்போல இருக்காம்" என்றேன்.

மாமா தன் மச்சானுக்குச் சுரங்க வாசலில் ஒரு வேலை கேட்டுவிட்டு, கிடைக்கும் என்ற உறுதியையும் வாங்கிக்கொண்டு, கதவுவரை பின்பக்கமாகவே நடந்து போனார். ட்ரெட்வே ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். கடைசிக் கடிதத்துக்கான ஆங்கில வாசகம். "சரி, நடந்ததை மறந்துரு. சாயங்காலத்துக்குள்ள ஸ்டென்சில் வெட்டி உருட்டிடு. நாளைக்குக் காலையில கையெழுத்துப் போடுறேன். நாளைக்கே அஞ்சல்ல போகணும்."

உட்கார்ந்தேன். தாளைப் படித்தேன். மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு முகாம் மண்டபத்துக்கு வாருங்கள், பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள், வாக்குப் போட்டுவிட்டு மாலை ஆறு மணிக்குள் திருப்பிக் கொடுங்கள், உங்கள் நண்பன். வழக்கமானதுதான். நகலெடுக்கும் மெழுகுத்தாளை எடுத்துப் பலகையில் பொருத்தினேன். எழுத்தாணியைக் கையில் பிடித்தபோது மாமா சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஐயா எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும்.

சரி, அப்படியே அனுப்பட்டும் என்று நினைத்தேன்.

எழுத ஆரம்பித்தேன். மார்ச் மாதக் கையெழுத்தைவிட அழகாக எழுதினேன். இப்படி இருந்தது அது:

"நான், லைமன் ட்ரெட்வே, உங்களுக்கு மார்ச் மாதம் பொய் எழுதினேன். முதல் பத்திரத்துக்கு ஏழு வருஷம்தான் உயிர். இது எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். நீங்கள் இரண்டாம் பத்திரம் வாங்கினால் என்னைத் தேடி வர மாட்டீர்கள் என்பதால் மறைத்தேன். உங்களில் பலருடைய பத்திரம் என் பெட்டகத்தில் இருந்தபடியே செத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மண்டபத்துக்கு வந்து உங்கள் பத்திரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் திருப்பிக் கொடுக்காதீர்கள். என் ஆட்கள் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அதிலுள்ள தேதியைப் பாருங்கள். ஏழு வருஷம் ஆகவில்லையென்றால் மறுநாள் காலையிலேயே இரண்டு சாட்சிகளோடு நீதிமன்ற எழுத்தரிடம் போங்கள். ஆகிவிட்டதென்றால் அன்றைக்கே புதிதாக மறுபடி கை தூக்குங்கள். யாருக்கு வாக்கு என்பதை, நான் உங்களுக்குச் செய்ததை நினைத்துக்கொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள்."

உருளையில் மை தடவி உருட்டினேன். ஒவ்வொரு தாளாக வந்து விழுந்தது. கை வலித்தது. அந்த வலி எனக்குத் தித்தித்தது. செய்வது என்ன என்று தெரியாமல் செய்யவில்லை. இன்னொருவர் பேரில் கடிதம். அவரோ வழக்கறிஞர், ஒருவேளை நாளைய நீதிபதி. நானோ எந்த நாட்டுக்கும் உருப்படியாகச் சேராதவள். என்னைச் சிறையில் போடலாம், அங்கிருந்து நேரே கப்பலில் ஏற்றலாம். பள்ளிக்கூடம் போய்விட்டது, அது நிச்சயம். அம்மாவின் முகத்தை ஒரு நொடி நினைத்தேன். உருளையை நிறுத்தவில்லை.

மறுநாள் காலை ட்ரெட்வே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாத் தாளிலும் தன் கையாலேயே கையெழுத்துப் போடுவது அவருக்குப் பெருமை. ரப்பர் முத்திரைக்கு வாக்கு விழாது என்பார். பச்சை மைப் புட்டியைத் திறந்தார். முதல் தாளைக் கையில் எடுத்தவர் நிறுத்தினார்.

"போன தடவையைவிட நீளமா இருக்கே?"

"எங்க ஆளுங்களுக்கு சுருக்கமா எழுதுனா மரியாதைக் கொறைச்சல்."

"வாசிச்சுக் காட்டு."

தாளை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கண் ஒரு வரியில், வாய் ஒரு வரியில். "நான், லைமன் ட்ரெட்வே, உங்கள் பழைய நண்பன், உங்களை நலம் விசாரிக்கிறேன்" என்று தொடங்கினேன். பொய் என்று எழுதியிருந்த இடத்தில் அன்பு என்றேன். பெட்டகம் என்று இருந்த இடத்தில் பெட்டகம் என்றே சொன்னேன். செத்துவிட்டது என்ற இடத்தில் பாதுகாப்பாக உறங்குகிறது என்றேன். எங்கிருந்து அத்தனை சரளம் வந்தது என்று எனக்கே தெரியாது. நார்மல் ஸ்கூலில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியபோதுகூட இப்படி வாசித்ததில்லை.

"என் பேரு எங்க இருக்கு?"

விரலை வைத்துக் காட்டினேன். முதல் வரியிலேயே இருந்தது.

"முதல்லயே போட்டுட்டியா? நல்லது, நல்லது." அவருக்கு அது பிடித்துப்போயிற்று. பேனாவைத் தோய்த்தார். கையெழுத்துப் போட்டார். நான் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினேன். அடுத்தது. அழுத்தினேன். அடுத்தது.

நாற்பதாவது தாளில் கையை உதறிக்கொண்டார். "வாக்கு வாங்குறது கை நோகுற வேலை மிஸ் லூஷின். உங்காளுங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"இனிமே தெரியும்" என்றேன்.

நூறைத் தாண்டியபோது அவர் சன்னமாகச் சீட்டியடிக்க ஆரம்பித்தார். நான் ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் பேரை எழுதி, மடித்து உறையில் போட்டுக்கொண்டே வந்தேன். லோவ்ரோ பொட்டோகார். அந்தத் தாளை மற்றவற்றைவிடக் கொஞ்சம் நிதானமாக மடித்தேன். மாத்தியா லூஷின் என்ற பேர் வந்தபோது ட்ரெட்வே சீட்டியை நிறுத்தினார். தாளைத் தலைகீழாகப் பார்த்தே பேரை வாசித்துவிட்டார். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, கையெழுத்துக்குக் கீழே ஒரு வளைவுக் கோடு கூடுதலாகப் போட்டார்.

"உங்கப்பாவுக்கு ஸ்பெஷல்" என்றார். "நேத்துப் பேசுனதை அவர்கிட்ட சொல்லிக்க வேணாம், என்ன? பாவம், பெரிய மனுஷன். மனசு கஷ்டப்படுவாரு."

எனக்கு அந்த நிமிஷம்வரை நெஞ்சின் ஓரத்தில் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. இவர் அனுப்பிய கறுப்புத் துணி போர்த்திய குதிரைகள், வெளியே எடுத்துவிட்ட குடிகாரர்கள், குளிர்காலத்துக்குக் கரி. அதெல்லாமும் நடந்ததுதானே என்று ஒரு குரல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்சிமிட்டலோடு அது வாயை மூடிக்கொண்டது.

பதினொன்றரை மணிக்குக் கடைசித் தாள் முடிந்தது. ட்ரெட்வே விரல்களை நெட்டி முறித்தார். பச்சை மை அவருடைய கட்டைவிரல் நகத்தில் ஏறியிருந்தது. உறைகளை நான்கு கட்டாகக் கட்டித் துணிப்பையில் போட்டேன். என் இரண்டு கை உறைகளையும் கழற்றினேன், மை படாமல் இருக்க முழங்கைவரை மாட்டிக்கொள்ளும் கறுப்பு உறைகள். அவற்றை வழக்கம்போல் மடித்து மேசை இழுப்பறையில் வைக்காமல் பையில் திணித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். கவனிக்கவில்லை.

"அஞ்சல்ல போட்டுட்டு சீக்கிரம் வந்துரு. மத்தியானம் ரெண்டு கடிதம் பாக்கி இருக்கு. அப்புறம், பள்ளிக்கூட விஷயத்தை நான் மறக்க மாட்டேன். சொன்னா சொன்னதுதான்."

"நானும் அப்படித்தான்" என்றேன்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தேன். பையின் வார் தோளில் அறுத்தது. மறுதோளுக்கு மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. அறுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தெருவின் குறுக்கே, வங்கிக் கூரைக்கும் எதிரே இருந்த துணிக்கடைக் கூரைக்கும் நடுவில், இரண்டு பேர் ஏணியில் நின்று ஒரு பெரிய துணியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ட்ரெட்வேயின் முகம், வண்டிச் சக்கரம் அளவுக்கு. ஒரு முனையைக் கட்டிவிட்டார்கள், இன்னொரு முனைக் கயிறு கைக்கு வராமல் காற்றில் துள்ளிக்கொண்டிருந்தது. "இழுடா, இழுடா" என்று கீழே நின்றவன் கத்தினான். சமவெளிக் காற்று அந்த முகத்துக்குள் புகுந்து கன்னம் இரண்டையும் உப்ப வைத்தது, பிறகு சட்டென்று உறிஞ்சிக் குழியாக்கியது, மறுபடி உப்ப வைத்தது. பிடித்துக்கொண்டிருந்தவன் ஏணியோடு ஆடினான். வேடிக்கை பார்த்தவர்கள் விலகி நின்றார்கள். நான் விலகவில்லை. அதன் அடியில் நடந்து அஞ்சலகத்தை நோக்கிப் போனேன்.